வாசப்படி தாண்டாத பூனைக்கும் ஊசி

"எங்க பூனை வாசப்படியே தாண்டாது, அதுக்கு எதுக்குத் தாத்தா ஊசி?" என்று எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். பூனை போகாது, சரி. நாம் போய் வருகிறோமே! பூனைகளைத் தாக்கும் பான்லுகோபீனியா வைரஸ் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். மூலை முடுக்கில் ஓராண்டு வரைகூட வீரியத்தோடு கிடக்கும். சோப்புத் தண்ணீருக்கெல்லாம் மசியாது.

அந்த நோய் கண்ட குட்டியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக் குந்தியிருந்தது. தாகம் கண்ணில் தெரிந்தது. ஒரு வாய் குடிக்கவில்லை. வைத்தியம் பார்க்காவிட்டால் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. நம் உடம்புக்கு ஊசி வேண்டாமென்றால் அதன் பலனை நாமே அனுபவிப்போம். வாயில்லா ஜீவனுக்காக முடிவெடுக்கும்போது வேண்டாமென்று சொல்லும் உரிமை நமக்கில்லை. அதனால் பான்லுகோபீனியா ஊசியில் யோசிக்கவே கூடாது என்பேன். சளிக்காய்ச்சல் தரும் ஹெர்பிஸ், கலிசி வைரஸ்களுக்கும் இதிலேயே மருந்து சேர்ந்திருக்கிறது. அவற்றை அடியோடு தடுக்காது, கடுமையைக் குறைக்கும்.

பலரும் ஒரு ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி, ஊசி மருந்தையும் வேலை செய்யவிடாது. அது எந்தக் குட்டிக்கு எப்போது வடியும் என்று வெளியே தெரியாது. ஆகவே 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும்.

யோசிக்க வேண்டியது ரத்தப்புற்று வைரஸ் ஊசியில்தான். 1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழுவினர் கண்டறிந்த வைரஸ் அது. எச்சில் வழியே, ஒன்றையொன்று நக்குவதால், கடித்துக்கொள்வதால் பரவும். மொட்டை மாடி தாவும் பூனைக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுப் போடலாம். வேறு பூனையையே பார்க்காமல் தனியாக வளரும் பெரிய பூனைக்கு வேண்டாமென்று விடலாம்.

ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருமே என்ற பயம் பொய்யல்ல. ஆனால் அது மிக மிக அபூர்வம். கட்டி 3 மாதம் கரையாமல் இருந்தாலோ, 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

குட்டி வீட்டுக்கு வந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். ரேபிஸ் ஊசிக்கும் சேர்த்து அடுத்தடுத்த தேதிகளை அட்டையில் எழுதி வாங்கி வாருங்கள்.