பத்தியமும் அடுப்படியும்

மருந்துச் சீட்டின் கடைசி வரியாக, "சோற்றைக் குறைக்கவும், உப்பைக் குறைக்கவும்" என்று எழுதப்படுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். மாத்திரைக்கு அளவு உண்டு, வேளை உண்டு, உணவுக்கு முன்னா பின்னா என்ற விளக்கமும் உண்டு. இந்தக் கடைசி வரிக்கு மட்டும் இவற்றுள் ஒன்றும் இல்லை. எவ்வளவு குறைப்பது, குறைத்த இடத்தில் எதை வைப்பது என்பதை நோயாளியே கண்டுகொள்ள வேண்டும். நம் முன்னோர் பத்தியம் வகுத்தபோது தள்ள வேண்டியதோடு கொள்ள வேண்டியதையும் சேர்த்தே சொன்னார்கள்.

நமது பங்கு, கடலுக்கும் மானாவாரிப் புன்செய்க்கும் நடுவே, இராமநாதபுரம் சீமையில் கிடப்பது. மூன்றாண்டுகளுக்கு முன், தவக்காலத்து வெள்ளியொன்றில், சிலுவைப் பாதை முடிந்து மக்கள் கலையும் வேளையில் முதிய கைம்பெண் ஒருவர் ஆலயப் படியில் சரிந்தார். ஒருசந்தியின் களைப்பு என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். நம் மருந்தகத்து அருட்சகோதரி ஓடிவந்து விரலில் ஊசி குத்திப் பார்த்தார். சர்க்கரை மிகக் கீழே இறங்கியிருந்தது. நினைவு தப்புமுன் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதால் உயிர் தங்கிற்று. சற்றுத் தெளிந்ததும் அவர் சொன்னார்: "சோறு திங்கக் கூடாதுன்னு ஆசுபத்திரியில சொல்லிட்டாக, சாமி. வேற திங்க வீட்டுல என்ன இருக்கு? மாத்திரையப் போட்டுட்டுத் தண்ணியக் குடிச்சேன்."

'குறைக்கவும்' என்பது அவர் காதில் 'கூடாது' என்று விழுந்திருக்கிறது. அவர் உட்கொண்ட வகை மாத்திரையோ, வெறும் வயிற்றில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கவல்லது. சீட்டை எழுதியவர் தீயவர் அல்லர். நூறு பேர் வரிசையில் நிற்க, அந்த வரிக்கு அவர் செலவிட்டது இரண்டு நொடியாக இருக்கலாம். ஆனால் ஒரு மணி நேரம் கிடைத்திருந்தாலும், அந்த அம்மையாரின் அடுப்பில் என்ன வேகிறது என்று அவரால் சொல்லியிருக்க முடியுமா என்பதே நம்மை உறுத்திய வினா. செவிலியர் பாடத்தில் சத்துணவியல் உண்டு. மருத்துவக் கல்வியில் அதற்குக் கிடைக்கும் இடம் சிறிது. பல நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான கட்டுரையொன்றும் அது போதாது என்றே கண்டது. இக்குறையை உணர்ந்து, 2010-களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரிலுள்ள டுலேன் பல்கலைக்கழகம் மருத்துவ மாணவர்களுக்கெனச் சமையற்கூடமே அமைத்தது.

நமக்கு அத்துணை வசதி ஏது? திருவிழா அசனத்துக்குச் சமைக்கும் கொட்டகையும், கரி பிடித்த அண்டாக்களும் உண்டு. கிராமப் பணிப் பயிற்சிக்கு வரும் செவிலிய மாணவியரை அங்கு ஒருநாள் சமைக்க வைப்போம் என்றார் அருட்சகோதரி. கற்பிக்க அன்பியப் பெண்களை அழைத்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்து இளம் மருத்துவரும் வந்தார். வெந்நீரைத் தவிர எதையும் தாம் காய்ச்சியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் இடர் அளவில் வந்தது. மாணவியர் கிராமில் பேசினார்கள். பெண்கள் ஆழாக்கில் பேசினார்கள். தராசு கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தோம். ஓர் ஆழாக்கு அரிசி ஏறத்தாழ 130 கிராம். ஒன்றரை ஆழாக்குச் சோறும் ஒரு கரண்டிக் குழம்பும் பகலுணவு என்று ஒரு மூதாட்டி சொன்னபோது, மருத்துவர் கணக்குப் போட்டுவிட்டு மௌனமானார். அரிசி மட்டுமே அறுநூற்றைம்பது கலோரிக்கு மேல். பருப்போ மீனோ பெயரளவுக்குத்தான்.

குதிரைவாலி எங்கள் பக்கத்துப் பயிர். மாணவியர் அதை அரிசிபோல் நெடுநேரம் கொதிக்க விட்டுப் பசையாக்கிவிட்டார்கள். சிரிப்பு அடங்கிய பின் ஒரு பாட்டி, ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டு, வெந்ததும் இறக்கி மூடிவைக்கக் காட்டினார். பாசிப்பயறும் முருங்கைக் கீரையும் சேர்ந்தன. கடையில் விலை கூடிய ஓட்ஸ் வாங்கி, அதைப் பிடிக்காமல் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த வீடுகளை நாம் அறிவோம்.

கற்பித்தல் ஒருவழிப் பாதையாகவும் இல்லை. "கேப்பைக் கூழ் குடிச்சாச் சர்க்கரை ஏறாது" என்றார்கள் பெண்கள். மருத்துவர் அதை ஒப்பவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு என்பது உண்மை. ஆனால் நைய அரைத்துக் கரைத்துக் காய்ச்சினால் அது விரைவில் செரித்துச் சர்க்கரையாகிவிடும். கீரை சேர்த்த அடையாகத் தட்டி, எண்ணி உண்ண வேண்டும் என்றார். நாட்டளவிலான ஆய்வொன்றும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் சிறுதானியம் என்று மாற்றுவது மட்டும் நீரிழிவைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்று 2025-இல் கூறியது. சிறுதானியத்தை மேடைதோறும் புகழ்வோர் இதைக் கேட்க வேண்டும்.

கருவாட்டில்தான் வழக்கு முற்றியது. இரத்த அழுத்தக்காரர் எவரும் தொடக்கூடாது என்றார் மருத்துவர். அதை எடுத்துவிட்டால் தட்டில் என்ன மிஞ்சும் என்றார்கள் பெண்கள். அசனச் சமையற்காரர் வாய் திறக்காமல், முன்னிரவே ஊறவைத்து இருமுறை தண்ணீர் மாற்றியிருந்த கருவாட்டை எடுத்து, கத்தரிக்காய் நிறையப் போட்டு, உப்பில்லாமல் குழம்பு வைத்தார். உப்பு முழுவதும் நீங்கிவிடாதாகையால் இதயமும் சிறுநீரகமும் பழுதுற்றோருக்கு அது ஆகாது. மற்றவர்க்கு எப்போதாவது ஒரு துண்டு என்று உடன்பாடு ஆயிற்று.

அடுப்படி அறிவை ஆய்வுக்கூடம் பின்னால் வந்து மெய்ப்பித்தது இந்நாட்டில் புதிதன்று. இராபர்ட் மெக்கரிசன் 1918-இல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியது நம் குன்னூரில்தான். அவ்வாய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. தீட்டிய பச்சரிசியையே நம்பியோரை அந்நோய் வாட்ட, புழுங்கலரிசி உண்டோர் பெரிதும் தப்பினர். நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அவித்த பெண்களுக்கு அச்சத்தின் பெயர் தெரியாது.

யாயிரின் மகளை எழுப்பிய ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கப் பணித்தார் என்று மாற்கு எழுதுகிறார். விரிவுரையாளர் பலர் அவ்வரியில் தங்குவதில்லை.

இப்போது ஆண்டுக்கு இருமுறை கொட்டகை புகைகிறது. மருத்துவர் நோயாளிகளிடம் "நேற்று என்ன குழம்பு?" என்று கேட்கத் தொடங்கியதால் வரிசை நீள்கிறது என்று அவருடைய உதவியாளர் முணுமுணுக்கிறார். கருப்பட்டிக் காப்பிதான் இன்னும் தீரவில்லை. பனையில் வந்த இனிப்பு சர்க்கரை நோயைக் கூட்டாது என்று குதிரைவாலிப் பாட்டி உறுதியாக நம்புகிறார். அதுவும் சர்க்கரையே என்று மாணவியர் ஒவ்வோர் அணியினரும் எடுத்துச் சொல்கிறார்கள். சென்ற முறை அவர் ஒரு குவளையை அரைக் குவளையாக்க இசைந்தார். குவளை மட்டும் சற்றுப் பெரிதாகிவிட்டது என்று அருட்சகோதரி சொல்கிறார்.