அப்பா ஊரில் இல்லாத 18 நாட்கள்



நம் சுவர் இதழில் ஊருக்குப் போய் வந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் எங்கும் போகவில்லை. போனது என் அப்பா. நான் வீட்டில் இருந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்!

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே குழித்தறி. டில்லியில் ஒவ்வொரு வருடமும் நவம்பர் 14 முதல் 27 வரை பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும். அங்கே புடவைக் கடையைப் பார்த்துக்கொள்ள அப்பா போவார். போகவர ரயில் நாளையும் சேர்த்தால் 18 நாள்.

"அப்பா டில்லி போயிருக்காரா? ஜாலிதான்!" என்று என் தோழி சொன்னாள். ஜாலியா? கேளுங்கள்.

முதலில் தறி நின்றுவிடும். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அது கோர்வை. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்காருபவர் ஒருவர், பக்கத்தில் கரைக்கு நாடா போடுபவர் இன்னொருவர். எங்கள் வீட்டில் அப்பா நெய்வார், அம்மா கோர்வை போடுவார். அப்பா போய்விட்டால் அம்மா தனியாக என்ன செய்வார்? தறி நின்றால் கூலியும் நின்றது.

அடுத்து கேஸ். சிலிண்டர் கொண்டுவந்த அண்ணன் "ஓடிபி சொல்லும்மா" என்றார். ஓடிபி போனது டில்லியில் இருக்கும் அப்பா போனுக்கு! அப்பாவோ கூட்டத்தில் போனை எடுக்கவில்லை. அண்ணன் நாளைக்கு வருகிறேன் என்று சிலிண்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி பக்கத்து வீட்டு அத்தை அடுப்பில்தான் எங்களுக்குத் தோசை.

அப்புறம் என் தம்பி. மூணாம் வகுப்பு. தினமும் காலண்டரைக் கிழித்துவிட்டு "இன்னும் எத்தனை?" என்று கேட்பான். நாளை சீக்கிரம் வரவைக்க ஒரு நாள் நாலு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டான்!

*

இந்தச் சமயம் பார்த்து வரலாறு சார் "நம் ஊருக்கு வந்தவர்கள்" என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தார். எனக்கு வந்த பெயர் லெஸ்லி நியூபிகின். இவர் இங்கிலாந்தில் 1909-ல் பிறந்தவர். ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனரியாக 1936-ல் சென்னைக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில் பேருந்து விபத்தில் கால் முறிந்து, திரும்பிப் போக வேண்டியதாயிற்று. 1939-ல் மறுபடி வந்தபோது அவருக்குக் கிடைத்த ஊர் நம் காஞ்சிபுரம். தமிழ் படித்தார். சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் போய்வந்தார். வாரம் ஒரு மாலை இங்குள்ள ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து, உபநிடதமும் பைபிளும் சேர்ந்து படிப்பாராம். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியபோது மதுரைப் பக்கம் பேராயராகப் போனார்.

எழுதி முடித்து சாரிடம் காட்டினேன். மனசில் இருந்ததையும் கேட்டுவிட்டேன். "சார், இவரு கிராமம் கிராமமா போனப்ப வீட்டை யாரு பாத்துக்கிட்டாங்க?"

சார் சிரித்தார். "நல்ல கேள்வி. தேடிப் பார்."

தேடினேன். அவர் மனைவி பெயர் ஹெலன். இந்தியாவில் பணி செய்த அயர்லாந்து மிஷனரிகளின் மகள். அப்படியென்றால் ஊர் ஊராகப் போகும் வேலை எப்படிப்பட்டது என்று சின்ன வயதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். இவர்களுக்கு நான்கு குழந்தைகள். அந்த வருடங்களில் இரண்டாம் உலகப் போர் வேறு. கடல் தாண்டி வரும் கடிதம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கிராமத்துக்குப் போனவரிடம் "எங்க இருக்கீங்க?" என்று கேட்கக் கைப்பேசியும் இல்லை. நியூபிகின் தன் வாழ்க்கையை 1985-ல் புத்தகமாகவே எழுதினார். ஹெலன் எழுதிய புத்தகம் எதுவும் என் கண்ணில் படவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி அவர் என்ன செய்தார்? மொழி வேறு, ஊர் வேறு, யாரைக் கூப்பிட்டார்? எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

அந்த வாரமே எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ராத்திரி வந்தது.

*

நவம்பர் என்றால் நம் ஊரில் மழை. அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. தம்பிக்கு 102 டிகிரி காய்ச்சல். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மெழுகுவர்த்தியோடு தறிப் பக்கம் போன அம்மா "ஐயோ!" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி, மிதிக்கட்டை மூழ்கியிருந்தது. தறியில் மூன்று புடவைக்கான பாவு இருக்கிறது. பட்டு நனைந்தால் அவ்வளவுதான். தார்ப்பாயை எடுத்துப் பாவின் மேல் போட்டோம். நான் குழிக்குள் இறங்கி மொண்டு கொடுக்க, அம்மா வாளியை வாங்கி வாசலில் ஊற்றினார். நடுநடுவே ஓடிப்போய்த் தம்பி நெற்றியில் ஈரத்துணி போட்டார்.

அப்போது பார்த்து அப்பா போன்!

"சாப்பிட்டீங்களா? இங்க குளிர் தாங்கல."

அம்மா மூச்சு வாங்கியபடியே, "சாப்பிட்டோம். எல்லாம் நல்லா இருக்கு. நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். இடுப்பு வரை சேறு. போனைப் பிடுங்கி, "ஒண்ணும் நல்லா இல்லப்பா! தறிக்குழில தண்ணி. தம்பிக்குக் காய்ச்சல். நீங்க எப்ப பாரு இங்க இருக்கிறதே இல்ல!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் "டாக்டர்கிட்ட போம்மா. சித்தப்பாவ வரச் சொல்றேன்" என்றார். குரல் என்னவோ போலிருந்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை. "அங்க இருந்துக்கிட்டு அவரு என்னடி பண்ணுவாரு? ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டாரு" என்றார். அரை மணி நேரத்தில் சித்தப்பா வந்தார். தம்பியை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். பாவு தப்பித்தது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது உண்மைதான். சொன்ன விதம் சரியா?

*

29-ம் தேதி அப்பா வந்தார். இளைத்திருந்தார். கொண்டுபோன புடவையில் பாதிதான் விற்றதாம். ஒரே அறையில் எட்டுப் பேர், தினமும் ரொட்டி. குளிருக்கு இரண்டு வேட்டியைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டாராம். இதையெல்லாம் போனில் அவரும் சொல்லவில்லை! "நல்லா இருக்கேன்" என்றுதான் தினமும் சொன்னார்.

நான் தலைகுனிந்து, "அன்னைக்குக் கத்திட்டேன், மன்னிச்சிடுங்கப்பா" என்றேன்.

"நீ சொன்னதுதாம்மா நல்லது. உங்கம்மா வருஷா வருஷம் எல்லாம் நல்லா இருக்குன்னே சொல்லுவா. நானும் நம்பிக்கிட்டே இருந்துட்டேன்" என்றார் அப்பா. அம்மா அடுப்பங்கரையில் இருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று அப்பா காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்!

அடுத்த ஞாயிறு அப்பா தறிக்குழியைச் சுற்றிச் சிமெண்ட் பூசினார். கேஸ் ஓடிபி இப்போது அம்மா போனுக்கு வருகிறது. டாக்டர், சித்தப்பா, கரண்ட் ஆபீஸ் எண்களைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறோம்.

செயல்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஹெலனைப் பற்றி எனக்குத் தெரிந்த நாலு வரியையும் சேர்த்தேன். சார் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் 'நன்று' என்று போட்டார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது லாரியில், ராணுவத்தில், வெளிநாட்டில் இருக்கலாம். இன்றைக்கு ராத்திரி போன் வந்தால் "எல்லாம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். அவர்களுக்கு அங்கே என்ன நடந்தது என்றும் கேளுங்கள். ஆனால் என்னை மாதிரி கத்தாதீர்கள்!

— 11-ஆம் வகுப்பு மாணவி