ஷெப் கொண்டுவந்த செய்தி
புல்வெளிப் பயணம் – 6

தெர்மாபொலிஸைத் தாண்டிய பிறகு 120ஆம் எண் சாலையில் எதிரே வரும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் பச்சை நிறத்தில் சேஜ் புதர். அதை ஒட்டி முள்கம்பி வேலி, வேலிக்கு அப்பால் கறுப்பு மாடுகளும் கன்றுகளும். மேற்கே அப்சரோக்கா மலைத்தொடரின் தலையில் ஜூன் மாதத்திலும் பனி. ஜன்னலை இறக்கினால் காற்றோடு சேஜின் மணம் வருகிறது. கற்பூரத்தில் கொஞ்சம் கசப்பு கலந்தது போன்ற வாசனை.

"மாமா, முன்னூத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊருக்கு டென்வர்லேருந்து இவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வர்றோம். அங்க என்ன இருக்கு?" என்றான் வண்டி ஓட்டிவந்த அக்கா மகன்.

"ஒரு நாய் ஒரு செத்த பிராணியைக் கவ்விக்கிட்டு வந்த இடம்டா" என்றேன்.

அந்த ஊர் மீட்டீட்சி. வயோமிங் மாநிலத்தில், கிரேபுல் ஆற்றங்கரையில் இருக்கிறது. கடைவீதியில் இன்றும் பலகை நடைபாதைதான். ஊரின் சிறிய அருங்காட்சியகத்தில் மாடு மேய்ப்பவர்களின் பழைய படங்களுக்குப் பக்கத்திலேயே கருங்கால் ஃபெரெட்டின் கதையும் சொல்லப்படுகிறது. உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டும் ஒரே வரலாறுதான்.

ஃபெரெட்டை நம் ஊர்க் கண்ணுக்குக் காட்ட வேண்டுமென்றால் கீரியைத்தான் சொல்ல வேண்டும். அதே நீண்ட மெல்லிய உடல், அதே துறுதுறுப்பு. ஆனால் இது கீரி இனமல்ல, நீர்நாயின் குடும்பம். வெளிறிய மஞ்சள் உடம்பு, கண்ணைச் சுற்றி முகமூடி கட்டியதுபோல் கறுப்பு, நான்கு கால்களும் வால் நுனியும் கறுப்பு. எடை ஒரு கிலோவை ஒட்டி. வட அமெரிக்காவுக்கே சொந்தமான ஃபெரெட் இது ஒன்றுதான். 1960களில் தெற்கு டகோட்டாவில் ஒரு சிறு கூட்டம் தென்பட்டது. அதுவும் அழிந்தது. அங்கிருந்து பிடித்துவந்து வளர்த்தவற்றில் கடைசியும் 1979இல் இறந்தது. அத்தோடு இந்த இனமே உலகைவிட்டுப் போய்விட்டதாக விலங்கியலாளர்கள் முடிவுகட்டினார்கள்.

1981 செப்டம்பர் 26. மீட்டீட்சிக்கு அருகே ஒரு மாட்டுப் பண்ணை. இரவில் வீட்டு நாய் ஷெப் எதனோடோ கட்டிப் புரண்ட சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு சிறு விலங்கு செத்துக் கிடந்தது. பண்ணைக்காரர் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். அழகாக இருக்கிறதே, பாடம் செய்து வைக்கலாமே என்று அவர் மனைவிக்குத் தோன்றியது. எடுத்துக்கொண்டு மீட்டீட்சியில் விலங்குகளைப் பாடம் செய்பவரிடம் போனார்கள். அவர் பார்த்ததுமே அது என்னவென்று கண்டுகொண்டார். அன்று அந்த உடல் குப்பையிலேயே கிடந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அடுத்த சில வாரங்களில் பக்கத்துப் பண்ணைகளின் மேய்ச்சல் நிலத்தில் உயிரோடு ஃபெரெட்டுகள் கண்ணில் பட்டன. 1984 கோடையில் குட்டிகளையும் சேர்த்து 129 என்று கணக்கிட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நாடு முழுக்கத் தேடியும் கிடைக்காத விலங்கு மாட்டுப் பண்ணையில் எப்படிப் பிழைத்தது? விடை பிரெய்ரி நாயிடம் இருக்கிறது. பெயரில்தான் நாய், பிறப்பால் அது தரையில் வளை தோண்டி வாழும் அணில். ஆபத்து வந்தால் குரைப்பது போலக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். ஃபெரெட்டின் உணவில் பத்தில் ஒன்பது பங்கு பிரெய்ரி நாய்தான். தூங்குவது, குட்டி போடுவது, பகை வந்தால் ஒளிவது எல்லாம் அதே பிரெய்ரி நாயின் வளையில். அந்த வளை இல்லையென்றால் ஃபெரெட்டுக்கு வீடும் இல்லை, சோறும் இல்லை.

பண்ணைக்காரருக்கோ பிரெய்ரி நாய் தலைமுறை தலைமுறையாக எதிரி. மாடு தின்ன வேண்டிய புல்லைத் தின்கிறது, வளையில் குதிரையின் கால் இறங்கி ஒடிந்துவிடும் என்பவை அவர்களுடைய குறைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கமே முன்னின்று ஓட்ஸ் தானியத்தில் நஞ்சு கலந்து பல லட்சம் ஏக்கரில் தூவியது. ஸ்ட்ரிக்னின் என்னும் அந்த நஞ்சு நம் எட்டிக்கொட்டையில் இருப்பதுதான். எட்டிக்கசப்பு என்று நாம் வாயால் சொல்வதை அந்தப் புல்வெளி வயிற்றால் அறிந்தது.

நஞ்சு போதாதென்று நோயும் வந்தது. 1894இல் ஹாங்காங், 1896இல் பம்பாய் என்று துறைமுகம் துறைமுகமாகப் பரவிய பிளேக், 1900இல் கப்பல் எலிகளோடு சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கியது. அங்கிருந்து தெள்ளுப்பூச்சிகள் வழியாகக் காட்டு அணில்களுக்கும் பிரெய்ரி நாய்களுக்கும் தொற்றி, மேற்கு அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இந்த மண்ணுக்குப் பழக்கமில்லாத நோய் என்பதால் அதை எதிர்க்கும் சக்தி பிரெய்ரி நாய்க்கும் இல்லை, ஃபெரெட்டுக்கும் இல்லை.

மீட்டீட்சியிலும் அதுவே நடந்தது. 1985இல் பிரெய்ரி நாய்களிடையே பிளேக் பரவியது. கூடவே, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரெட்டுகளைப் பிடித்தது. காப்பாற்றுவதற்கென்று முதலில் பிடித்த ஆறும் டிஸ்டெம்பரில் செத்தன. 1987 பிப்ரவரி முடிவதற்குள் எஞ்சியவை எல்லாவற்றையும் பிடித்தாயிற்று. மொத்தம் பதினெட்டு. கடைசியாகச் சிக்கியது, முகத்தில் தழும்பு இருந்ததால் ஸ்கார்ஃபேஸ் என்று பெயர் பெற்ற ஓர் ஆண். அந்தப் பதினெட்டில் ஏழின் வம்சம்தான் தழைத்தது. இன்று உயிரோடிருக்கும் கருங்கால் ஃபெரெட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஏழின் வழிவந்தவை.

கூண்டில் பெருக்குவது பாதி வேலை. மிச்சப் பாதி, வேட்டையாடக் கற்றுக்கொடுப்பது. கொலராடோவில் கார் என்னும் சிற்றூருக்கு அருகே உள்ள தேசிய ஃபெரெட் பாதுகாப்பு மையத்தில், வெளியே விடுவதற்கு முன்பு இளம் ஃபெரெட்டுகளை மண் வளைகள் கொண்ட திறந்த பட்டிகளில் விட்டு, உயிருள்ள பிரெய்ரி நாயைப் பிடித்துப் பழக வைக்கிறார்கள். கிண்ணத்துச் சாப்பாடு பழகிய பிராணியைப் புல்வெளியில் விட்டால் ஒரு வாரம் தாங்காது.

முதல் முயற்சி 1991இல் வயோமிங்கின் ஷெர்லி பேசினில் நடந்தது. முந்தின நாள் மெடிசின் போவிலிருந்து காஸ்பர் போகும்போது அதன் ஊடாகத்தான் வந்தோம். நாற்பது மைல் போனாலும் வீடு தென்படாத மேட்டுச் சமவெளி, முழுக்க மேய்ச்சல் நிலம். அங்கே நாற்பத்தொன்பது ஃபெரெட்டுகளை விட்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் விட்டார்கள். பிளேக் வந்தது. 1997இல் தேடியபோது கண்ணில் பட்டவை ஐந்தே ஐந்து. கணக்கை முடித்துவிடலாம் என்ற நிலை. ஆனால் 2006இல் மறுபடி மதிப்பிட்டபோது இருநூறைத் தாண்டியிருந்தன. மனிதர் கைவிட்ட இடத்தில், மாடுகளுக்கு நடுவே, தாமே பெருகிவிட்டன. இந்தப் பயணத்தில் கேட்ட சேதிகளிலேயே எனக்கு அதிக நம்பிக்கை தந்தது இதுதான்.

இனி பண்ணைக்காரரின் பக்கம். 1973ஆம் ஆண்டின் அழியும் உயிரினங்கள் சட்டம் கடுமையானது. அதன் பட்டியலில் உள்ள விலங்கு ஒன்று தன் நிலத்தில் இருப்பது தெரிந்தால் எங்கே வேலி போடலாம், எங்கே மாடு விடலாம் என்பதையெல்லாம் அதிகாரிகள் தீர்மானிப்பார்கள் என்று மேற்கத்திய பண்ணைக்காரர்கள் அஞ்சினார்கள். தன் டிராக்டரில் ஒரு ஃபெரெட் அடிபட்டால் வழக்கு வருமா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. இந்த அச்சத்தைப் பேராசை என்று ஒதுக்கியவரை ஃபெரெட்டுக்கு நிலம் கிடைக்கவில்லை. அதைப் பொருட்படுத்தி விடை தேடிய பிறகே வேலிக்கதவுகள் திறந்தன.

2013இல் ஃபெரெட்டுக்கென்றே ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை ஏற்பாடானது. தாமாக முன்வந்து ஃபெரெட்டை ஏற்கும் நில உரிமையாளருக்கு, வழக்கமான பண்ணை வேலையின்போது தவறுதலாக ஒன்று இறந்தாலும் தண்டனை இல்லை, விருப்பமில்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று உறுதி தரப்பட்டது. 2015இல் வயோமிங் மாநிலம் முழுவதற்கும் இதேபோன்ற தளர்வான விதி வந்தது. சட்டத்தின் பிடி தளர்ந்ததென்று சிலர் வருந்தினார்கள். பிடியைத் தளர்த்தியதால்தான் விலங்குக்கு இடம் கிடைத்தது என்பது என் கட்சி.

பண்ணைக்காரரே முன்வந்தாலும் ஊர் விடாத இடங்களும் உண்டு. கேன்சஸ் மாநிலத்து லோகன் கவுண்ட்டியில் சில பண்ணையாளர்கள் பிரெய்ரி நாய்களுக்கு நஞ்சு வைக்க மறுத்து, 2007 டிசம்பரில் தங்கள் நிலத்தில் ஃபெரெட்டுகளை விட அனுமதித்தார்கள். 1901ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்று, நில உரிமையாளர் மறுத்தாலும் உள்ளாட்சி புகுந்து நஞ்சு வைக்கலாம், செலவையும் அவரிடமே வசூலிக்கலாம் என்றது. அக்கம்பக்கத்தாரின் கோபத்தோடு நீதிமன்ற அலைச்சலும் அவர்களுக்கு நேர்ந்தது. சொந்த மேய்ச்சல் குறைந்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர்கள்.

மீட்டீட்சிக்கு ஃபெரெட் திரும்பிய நாள் 2016 ஜூலை 26. லேஸி பிவி, பிட்ச்ஃபோர்க் என்ற இரண்டு பண்ணைகளில் முப்பத்தைந்து ஃபெரெட்டுகள் விடப்பட்டன. பிட்ச்ஃபோர்க் 1878இல் தொடங்கியது. இன்றும் மாடு வளர்க்கும் பண்ணை. கடைசிக் காட்டு ஃபெரெட்டுகளைப் பிடித்துப் போனதும் இந்த வட்டாரத்திலிருந்துதான். சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவற்றின் சந்ததி அதே மண்ணில் கால் வைத்தது.

விட்டுவிட்டால் முடிந்துவிடுவதில்லை. பிளேக் பரப்பும் தெள்ளுப்பூச்சியைக் கொல்ல வளை வளையாகப் பூச்சிமருந்துத் தூள் தூவுகிறார்கள். பிரெய்ரி நாய்களுக்கு நிலக்கடலை வெண்ணெய்ச் சுவையில் தடுப்புமருந்து உருண்டைகளைச் செய்து வீசியும் பார்த்தார்கள். கோடையின் பிற்பகுதியில் நள்ளிரவு முதல் விடியும்வரை பெருவிளக்கோடு வண்டியில் சுற்றி ஃபெரெட்டுகளை எண்ணுகிறார்கள். இருட்டில் விளக்கு பட்டால் அதன் கண் மரகதப் பச்சையாக மின்னும்.

மாலையில் மேற்கே பிட்ச்ஃபோர்க் பக்கம் போகும் 290ஆம் எண் சாலையில் வண்டியை ஓரம் கட்டினோம். நிலம் தனியாருடையது, வேலிக்கு உள்ளே போகும் எண்ணமே இல்லை. வழியெல்லாம் வேலிகளைப் பார்த்துக்கொண்டே வந்ததில் ஒன்று புரிந்தது. சில இடங்களில் அடிக்கம்பியில் மட்டும் முள் இல்லை. தரையிலிருந்து ஓரடிக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பிராங்ஹார்ன் என்னும் இங்கத்திய மான் போன்ற விலங்கு மின்னலாய் ஓடும்; ஆனால் வேலியைத் தாண்டிக் குதிக்காது, அடியில் நுழைந்துதான் போகும். முள் இருந்தால் முதுகு கிழியும். மாட்டுத் தொட்டிகளில் தவறி விழும் பறவைகள் ஏறித் தப்பிக்க உள்ளே சாய்வுத் தகடு வைப்பதும் இந்தப் பகுதிப் பண்ணைகளில் பழக்கம். கம்பியில் ஒரு மாற்றம், தொட்டியில் ஒரு தகடு. பெரிய பணம் கேட்காத வேலைகள்.

வெயில் இறங்கியதும் மேட்டில் பிரெய்ரி நாய்கள் வளை வாயில் நிமிர்ந்து நின்றன. ஒன்று குரல் கொடுத்ததும் எல்லாம் உள்ளே மறைந்தன. கன்றுகள் தாயோடு அதே மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. இருட்டும்வரை காத்திருந்தோம். ஃபெரெட் தென்படவில்லை.

"பாக்காமலே போறோமே மாமா" என்றான்.

"அது ராத்திரிப் பிராணி. நாம போன பிறகு வெளியே வரட்டும்."

வம்சம் தழைத்த அந்த ஏழில் சேராமல் 1988இல் இறந்த வில்லா என்ற மீட்டீட்சிப் பெண் ஃபெரெட்டின் செல்களை உறைநிலையில் வைத்திருந்தார்கள். அவற்றிலிருந்து 2020 டிசம்பர் 10 அன்று எலிசபெத் ஆன் என்ற நகலி பிறந்தது. அதே செல்களிலிருந்து பிறந்த அன்டோனியா 2024இல் குட்டி போட்டது. ஏழு முன்னோர்களின் வம்சத்தில் எட்டாவது இரத்தம் சேர வழி பிறந்திருக்கிறது. ஆனாலும் இன்று காட்டில் சுதந்திரமாகத் திரிபவை சில நூறுதான். அழியும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுக்க மூவாயிரம் வேண்டும். அவற்றுக்கான நிலத்தில் பெரும்பங்கு மாடு மேயும் நிலம்தான்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வாசகர்கள் பலர் யெல்லோஸ்டோனுக்கு வண்டி எடுப்பார்கள். கிழக்கு வாசல் வழியாகப் போவதென்றால் மீட்டீட்சியில் அரை நாள் இறங்குங்கள். கூட நாய் இருந்தால் டிஸ்டெம்பர் தடுப்பூசி போட்ட பிறகே கிளம்புங்கள். மேய்ச்சல் நிலத்தின் பக்கம் அதைக் கயிற்றிலிருந்து அவிழ்க்காதீர்கள்.