நிழல் விழாத கோபுரமா? தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு போட்டோ பாடம்!

'தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது' என்ற மெசேஜ் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். காலை 8 மணிக்கு விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பிராகாரத்தில் போய் நின்று பாருங்கள். 1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த, சுமார் 200 அடி உயர விமானத்தின் நிழல் தரையில் பெரிதாகக் கிடக்கும். சுற்று மாளிகையில் மோதி, மடிந்து மேலேயும் ஏறும்.

ஏப்ரல் மூன்றாவது வாரமும் ஆகஸ்ட் கடைசி வாரமும் நண்பகலில் சூரியன் தஞ்சைக்கு நேர் உச்சியில் இருக்கும். அப்போது மட்டும் நிழல் அகன்ற அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். கதை அங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

இங்கே எடுத்த போட்டோவில் ஒரு கிராபிக்ஸ் யானையை நிறுத்த ஆசையா? முழங்கால் வலியால் வர முடியாத பாட்டியைச் சேர்க்க வேண்டுமா? ஒட்டிய உருவம் அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரிந்தால், பெரும்பாலும் நிழல்தான் காரணம்.

முதலில், படத்தில் நிற்பவர்களின் நிழலைப் பாருங்கள். அது அவர்கள் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு என்றால், யானைக்கும் அதே ஒன்றரை மடங்கு, அதே திசை. சுவர் வந்தால் நிழலும் மடிந்து ஏற வேண்டும்.

அடுத்தது, ஓரம். பாதத்தின் அருகே நிழல் கூர்மையாக இருக்கும். தள்ளிப் போகப் போக, மீட்டருக்குச் சுமார் 1 செ.மீ. வீதம் மங்கும். விமான உச்சியின் நிழல் ஓரம் அரை மீட்டருக்கு மேல் கலங்கித் தெரிவது இதனால்தான்.

நிழல் முழுக் கறுப்பும் இல்லை. வானத்தின் வெளிச்சம் அதற்குள் விழுவதால் லேசாக நீலம் கலந்திருக்கும். தரையின் கல் வரிகளும் தெரியும். எனவே கறுப்பு பூசாமல், 'மல்டிப்ளை' முறையில் இருட்டாக்குங்கள். இலவச மென்பொருளான பிளெண்டரில் 'ஷேடோ கேட்சர்' என்ற வசதி உண்டு. தரை தெரியாமல் நிழலை மட்டும் பிடித்துத் தரும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: விமானத்தின் நிழலுக்குள் நிற்கும் யானைக்குத் தனி வெயில் நிழல் கிடையாது. காலடியில் மெல்லிய இருட்டு போதும்.

பாட்டி படத்தில் கச்சிதமாகப் பொருந்திவிட்டாரா? கீழே 'பாட்டி எடிட்டில் வந்தார்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லையென்றால், 20 வருடம் கழித்து உங்கள் குடும்பத்திலும் ஒரு 'நிழல் விழாத கோபுரம்' கதை சுற்றிக்கொண்டிருக்கும்!