சுவருக்குள் ஓடும் இணையம்

யாழ்ப்பாணத்தில் அப்பா கட்டிய வீட்டின் சுவர்கள் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. ஒன்றரை அடித் தடிப்பு. முன்விறாந்தையிலுள்ள றவுட்டரின் வைஃபை பின்னறையில் என் மேசையை எட்டுவதற்குள் செத்துவிடும். பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்புவதானால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடவேண்டும். துளையிட்டுக் கேபிள் இழுக்கலாமென்றால், "கொப்பா கட்டின சுவரில ஓட்டை போடாதை தம்பி" என்று அம்மா மறித்துவிட்டார்.

அப்போதுதான் கடைக்காரர் ஒருவர் கையடக்கமான இரண்டு பெட்டிகளைத் தந்தார். ஒன்றை றவுட்டருக்கு அருகிலுள்ள மின்செருகியில் மாட்டிக் கேபிளால் இணைக்கவேண்டும். மற்றதைப் பின்னறையில் மாட்டவேண்டும். இடையில் தரவுகளைச் சுமப்பது வீட்டின் மின்கம்பிதான்.

மந்திரம் எதுவுமில்லை. மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைகிறது. தரவுகளோ அதே செம்புக் கம்பியில் 2 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் பயணிக்கின்றன. அதிர்வெண்களில் இத்தனை தூரம் இருப்பதால் ஒன்றை ஒன்று முட்டுவதில்லை. 2001இல் வந்த 'ஹோம்பிளக்' என்ற முதல் தரநிலை 14 மெகாபிட் வேகத்தையும் 2005இல் வந்த அடுத்தது 200 மெகாபிட்டையும் சொல்லின. என் பெட்டியின் மேல் 600 என்றிருந்தது, கிடைத்தது 45. கிணற்று மோட்டரைப் போட்டால் அதிலும் பாதி. மின்னலுக்குப் பயந்து வாங்கிய பாதுகாப்புப் பலகையில் மாட்டியபோது ஒன்றுமே கிடைக்கவில்லை. அந்தப் பலகை தரவையும் இரைச்சல் என்றெண்ணி வடிகட்டிவிடுகிறதாம். நேரே சுவரில்தான் மாட்டவேண்டும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று.

பின்னறை அலுமாரியில் அப்பாவின் பழைய வானொலிப்பெட்டி இருக்கிறது. 1990இல் போர் மீண்டும் மூண்டு யாழ்ப்பாணம் இருண்டபோது, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நான் பெடலைச் சுழற்றுவேன். டைனமோவின் மின்சாரத்தில் அந்தப் பெட்டி உயிர்பெறும். இரவில் பிபிசி தமிழோசை கேட்க அயலவர்கள் கூடுவார்கள். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார். செய்தியின் பெறுமதியை எனக்குக் கற்பித்தது பல்கலைக்கழகம் அல்ல, அந்தப் பார்வைதான்.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றுபோயிற்று. ஆயினும் அந்தப் பெட்டியை நான் அவ்வப்போது திருகிப் பார்ப்பதுண்டு. புதிய பெட்டிகளை மாட்டிய அன்று திருகினேன். முள் எங்கே நின்றாலும் ஒரே கரகரப்பு. காரணம் எளிது. சிற்றலை 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரை. இணையம் ஓடுவதும் ஏறத்தாழ அதே பாதையில். கவசமில்லாத வீட்டுக் கம்பி முழுவதும் அன்ரெனாவாக மாறி அலைகளைக் கசியவிடுகிறது. பொழுதுபோக்கு வானொலியாளர்கள் சண்டையிட்டுத் தம் அலைவரிசைகளை ஓரளவு காப்பாற்றிக்கொண்டார்கள். அலுமாரியிலிருக்கும் கிழட்டு வானொலிக்காக வழக்காட யார் இருக்கிறார்கள்?

அன்றிரவு கட்டுரையை அரைவாசியில் விட்டுவிட்டு இரண்டு பெட்டிகளையும் கழற்றினேன். கரகரப்பு அடங்கியது. தொலைவிலிருந்து ஒரு பெண்குரல், சீனமொழி போலிருந்தது.

"கேட்குதோ?" என்றார் அம்மா அறைவாசலில் நின்று.

"கேட்குது" என்றேன்.

அவர் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். மேசையில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. கட்டுரை இன்னும் வரவில்லையென்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன்.