முதலாளி பங்கு

2016 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பெங்களூரு பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் பெண்கள் ஓசூர் ரோட்டை மறித்துவிட்டார்கள் என்ற சேதி சாப்பாட்டு நேரத்தில் வந்தது. மறுநாள் ஹெப்பகோடியில் நாங்களும் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கினோம். எந்தச் சங்கமும் கூப்பிடவில்லை.

பிப்ரவரியில் மத்திய அரசு போட்ட உத்தரவுதான் காரணம். வேலையை விட்டால் பி.எஃப். பணத்தில் நம் பங்கை மட்டும்தான் எடுக்கலாம். முதலாளி கட்டிய பங்கு 58 வயதுக்குப் பிறகுதான் என்றது அது. முதுமைக்கு ஆகும் என்றார்கள். பேச்சுக்கு நியாயம்தான். ஆனால் எங்கள் ஃப்ளோரில் 58 வயதில் மெஷின் மிதித்த ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. நாற்பதிலேயே இடுப்பு விட்டுப்போகும்.

அப்போது சம்பளம் ஏழாயிரத்தைச் சுற்றி. அதில் 12 சதவீதம் பிடித்தம். மணிக்கு எத்தனை பீஸ், என்றைக்கு ஓவர்டைம், யார் எந்த லைனில், எதையும் எங்களைக் கேட்டதில்லை. காலர் தைத்தவளைத் திடீரென்று கஃப்புக்கு மாற்றுவார்கள். கை பழகுமுன்னே முழு டார்கெட். ஆலோசனைப் பெட்டி ஒன்று இருந்தது, ஹெச்.ஆர். அறை வாசலுக்கு நேரெதிரே! எவள் போடுவாள்?

பிடிக்காவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்பது ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது. அந்தத் தெம்பில்தான் பலபேர் வருஷக்கணக்கில் இருந்தோம். பணத்தைப் பூட்டினால் ஆள் நிற்கமாட்டாள்.

பக்கத்து மெஷின் அக்கா தர்மபுரிக்காரர். பி.எஃப். சிலிப்பை நாலாக மடித்து பர்சிலேயே வைத்திருப்பார். "பெரியவ கல்யாணம் இதுலதான்டி இருக்கு" என்பார். நாங்கள் இறங்கிய அன்று டிபன் பையோடு என் கையைப் பிடித்தபடி ரோட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு கல் பறந்தது, தடியடி, கண்ணீர்ப்புகை. ஹெப்பகோடி போலீஸ் ஸ்டேஷன் பக்கம் வண்டிகள் எரிந்த புகை தெரிந்தது. சந்துக்குள் ஓடினோம், அக்காவின் ஒரு செருப்பு ரோட்டிலேயே போயிற்று.

அன்றைக்கே உத்தரவு வாபஸ் என்று தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அறிவித்தார்.

திரும்ப வேலைக்குப் போனபோது ஃப்ளோர் இன்சார்ஜ் கேட்டார்: "ஏம்மா, மனசுல இருந்தத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட சார்?" என்றார் அக்கா.

அடுத்த வருஷம் அக்கா வேலையை விட்டார். அப்போது காத்திருக்கவேண்டியிருந்த இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்தது, முதலாளி பங்கும் சேர்த்து.