சவுண்டு விடாத சவுண்ட்பார்

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. நடுவுல கிடைச்ச நேரத்தை எல்லாம் ஒரே ஒரு ஆராய்ச்சிக்குத்தான் செலவு பண்ணேன். சோமனூர் வீட்டு டிவிக்கு, பத்தாயிரம் ரூபாய்க்குள்ள, ஒரு சவுண்ட்பார்.

இப்ப வர்ற டிவி எல்லாம் அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. பழைய பொட்டி டிவில ஸ்பீக்கருக்கு உள்ள தாராளமா இடம் இருந்தது. பெரும்பாலும் நம்மளைப் பார்த்தும் இருந்தது. தட்டை டிவில அது தரையைப் பார்த்தோ, பின்னாடி சுவத்தைப் பார்த்தோ உக்காந்திருக்கு. முட்டி மோதித்தான் சத்தம் நம்மகிட்ட வருது. படம் 4கே, பேச்சு மட்டும் கிணத்துக்குள்ள இருந்து!

எங்க வீட்டுல பிரச்சினை இதோட நிக்கலை. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல விசைத்தறி ஓட்டினவர். தறிக்கூடத்துக்குள்ள 90 டெசிபலுக்கு மேல சர்வசாதாரணமாப் போகும். காதுல பஞ்சு வெச்சுக்கற பழக்கம்கூட அங்க யாருக்கும் கிடையாது. இப்படி வருஷக்கணக்கா சத்தம் காதைத் தின்னா, முதல்ல அடிவாங்கறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான். அ, ஆ, ஓ மாதிரி உயிரெழுத்துக்கு பலம் கீழ் அதிர்வெண்ல இருக்கு, அது தப்பிச்சுடும். ச, ஸ, த, ட எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டற விஷயம் மேல இருக்கு, அது போயிடும். அப்பா இதையே ஒரு வரில சொல்லிட்டார்: "பேசறது கேக்குது கண்ணு, என்ன பேசறாங்கன்னுதான் தெரியறதில்ல."

வால்யூமை 60-ல வெச்சா அம்மாவுக்குத் தலைவலி. 20-ல வெச்சா அப்பா எழுந்து திண்ணைக்குப் போயிடறார். போன தடவை ஊருக்குப் போனப்ப எல்லாரும் சேர்ந்து ஒரு காமெடி படம் பார்த்தோம். நாங்க சிரிச்சு ஒரு நொடி கழிச்சு அப்பா சிரிச்சார். டிவியைப் பார்த்து இல்லை, எங்க மூஞ்சியைப் பார்த்து. பெங்களூர் திரும்பற பஸ்ல தூக்கமே வரலை.

சரி, மேட்டருக்கு வருவோம். எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் சார் பாக்கறீங்க?" உடனே ஒரு குத்துப்பாட்டைப் போட்டு, தரை அதிர வெச்சுக் காட்டறாங்க. அந்தக் காலத்து டேப்ரெக்கார்டர்ல உள்ளங்கை அகல ஸ்பீக்கரை வெச்சுக்கிட்டு 'பிஎம்பிஓ'ன்னு ஆயிரக்கணக்குல வாட்ஸ் போடுவாங்களே, அதோட பேரப்பிள்ளைதான் இது. வாட்ஸை ரெண்டு மடங்கு ஆக்கினா கூடறது வெறும் 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியணும்னா பத்து மடங்கு பவர் வேணும். அதைவிட முக்கியம், பலமான பேஸ் மேல் அதிர்வெண்ணை மூடி மறைச்சுடும். அதாவது, கடைக்காரர் பெருமையாக் காட்டற சப்வூஃபர், அப்பாவுக்கு மிச்சமிருக்கற நாலு மெய்யெழுத்தையும் முழுங்கிடும்.

அதனால நான் போட்ட ரெக்வயர்மெண்ட் லிஸ்ட் இதுதான்:

1. ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி. டிவியோட ஹெச்டிஎம்ஐ துளைகள்ல ஒண்ணுல 'ஏஆர்சி'ன்னு போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க. அதுல சொருகி, சிஇசி செட்டிங்கை ஆன் பண்ணிட்டா டிவி ரிமோட்லயே பார் வால்யூமும் ஏறி இறங்கும். ரெண்டு ரிமோட் ஆச்சுன்னா அப்பா ரெண்டையும் தொடமாட்டார். ஆப்டிகல்ல சத்தம் நல்லாத்தான் வரும். ஆனா வால்யூமுக்கு பெரும்பாலும் பாரோட ரிமோட்டைத் தேடணும்.

2. ப்ளூடூத் வேண்டாம். வயர் இல்லாம சுலபம்தான், ஆனா சத்தம் ஒரு துளி பிந்தி வரும். நமக்கு அது சின்ன எரிச்சல். காது மந்தமானவங்க தங்களுக்கே தெரியாம உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிஞ்சுக்கறாங்க. உதடும் பேச்சும் ஒட்டலைன்னா அந்தப் பாதியும் போச்சு.

3. சென்டர் சேனல் இருந்தா அமோகம். 5.1-ல செஞ்ச ஒலியில வசனம் பெரும்பாலும் நடு சேனல்லதான் இருக்கும். 3.1 பார்ல அந்த நடுவை மட்டும் ஏத்திக்கற வசதி இருந்தா பேச்சு தனியா எழும்பி நிக்கும். 2.0-ல அந்த வசனத்தை இடம் வலமாப் பிரிச்சுக் குடுத்துடறாங்க. அப்படின்னா 'வாய்ஸ்', 'டயலாக்'னு ஒரு மோட் கண்டிப்பா வேணும்.

ஜெப்ரானிக்ஸ், போட்ல ஆரம்பிச்சு ஜேபிஎல் வரைக்கும் அலசினேன். சோனி எஸ்20ஆர் ஆசை காட்டிச்சு. பாருக்குள்ளயே சென்டர் இருக்கு. ஆனா பின்னாடி ரெண்டு ஸ்பீக்கருக்கும் வயர் இழுக்கணும், சப்வூஃபரும் கூடவே வரும், பட்ஜெட்டும் தாண்டுது. கடைசியில, சப்வூஃபர் இல்லாத, ஏஆர்சியும் வாய்ஸ் மோடும் உள்ள ஒத்தைப் பட்டை 2.0-ன்னு முடிவு பண்ணிட்டேன்.

டெமோ கேக்கறப்ப குத்துப்பாட்டு வேண்டாம். செய்தி வாசிக்கற சேனலைப் போடச் சொல்லுங்க, வால்யூமைக் குறைச்சு, பத்தடி தள்ளி நின்னு கேளுங்க. வீட்டுல மாட்டறப்ப டிவி ஸ்டாண்டு பொந்துக்குள்ள சொருகாம, பலகை விளிம்புக்கு இழுத்து வைங்க. மாட்டியும் சத்தமே வரலைன்னா, டிவி செட்டிங்ல டிஜிட்டல் ஆடியோவை 'பிசிஎம்'முக்கு மாத்திப் பாருங்க. சின்ன பார் சிலதுக்கு டால்பி புரியாது.

போன நரம்பு திரும்பாது. காது டெஸ்ட்டுக்கும் மெஷினுக்கும் பதிலா சவுண்ட்பார் நிக்காதுன்னு எனக்கும் தெரியும். கோயமுத்தூர்ல டெஸ்ட் பண்ணலாமான்னு கேட்டா, "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கறன்"னு சொல்றார். டிவிக்கு ஸ்பீக்கர் வாங்கறேன்னு சொன்னப்ப மட்டும், "ஆமா, அந்த டிவி சரியில்ல, வாங்கு"ன்னு உடனே தலையாட்டினார்.

குத்தம் டிவி மேலயே இருக்கட்டும். பாதி உண்மையும் அதுதானே. செய்தி பார்த்துட்டு அவரே எனக்கு போன் போட்டு, எவனையாவது திட்ட ஆரம்பிச்சாருன்னா, அதுக்கப்புறம் டெஸ்ட் பேச்சை மறுபடி எடுக்கணும்.